அதிகாரத்தைப் பற்றிய ஓர் அதிகாரம்

தமிழில் ‘அதிகாரம்’ என்னும் சொல் இருபொருள் தருவது. ஆள்வோரின் ஆணையுரிமையும் அதிகாரமே. நூலின் ஒரு பகுதியும் அதிகாரமே. கிறிஸ்தவ வேதத்தில், பவுல் ரோமாபுரிச் சபையாருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்திற்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. அதன் முதல் ஏழு வசனங்கள், ஆளும் அதிகாரத்திற்கு அடங்கி நடக்கவும், வரி செலுத்தவும், மதிக்கத் தக்கோரை மதிக்கவும் பணிக்கின்றன. எந்த அதிகாரமும் இறைவனிடமிருந்தே வருவது என்பது அதற்கு அவை கூறும் காரணம். மன்னர்களும் மன்னர்களைச் சார்ந்து நின்ற போதகர்களும் பெரிதும் விரும்பி எடுத்தாண்ட வேதப்பகுதி இது. இப்பகுதி தமிழ் மண்ணில் எவ்வாறு வாசிக்கப்பட்டது, எவ்வாறு வாசிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிறர் வேதத்தை நாம் ஏன் ஆராய வேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். காரணங்கள் இரண்டு. முதலாவது, திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமாகிய அந்நிஸாவின் 59-ஆம் வசனமும், ‘உலுல் அம்ர்’ எனும் பொறுப்பாளர்களுக்குக் கட்டுப்படுதல் குறித்துப் பேசுகிறது. அதற்கும் அரசவைகளில் ஏறத்தாழ இதே கதி நேர்ந்தது. இரண்டாவது, நாம் வாழும் கோவை மாநகர் சார்ந்தது. 1997, 1998 ஆண்டுகளுக்குப் பின் இந்நகரின் முஸ்லிம்களிடம் இரு குரல்கள் மாறிமாறிப் பேசி வந்துள்ளன. ‘வாய்மூடி அடங்கியிருப்பதே பாதுகாப்பு’ என்பது ஒன்று. ‘இந்த ஆட்சிக்கு எந்த மரியாதையும் நாம் கடமைப்பட்டிருக்கவில்லை’ என்பது மற்றொன்று. இரண்டுமே பிழை என்பது நம் துணிபு. அயலார் தம் வேதத்தோடு நடத்திய போராட்டத்தைக் கற்பது அப்பிழையைத் தெளிவாக உணர நமக்கு உதவும். பவுலைக் குறித்து நம் உலமாக்களின் மதிப்பீடு கிறிஸ்தவர்களின் மதிப்பீட்டிலிருந்து வேறுபட்டது என்பதை வாசகர் அறிவர். அவ்விவாதத்திற்குள் இங்கு நாம் புகவில்லை.

வசனமும் அதன் அயலும்

ஒரு வசனத்தை அதன் முன்பின் தொடர்பிலிருந்து பிரித்தெடுத்து வாசிப்பது தஃப்ஸீர் கலையில் குற்றமாகக் கருதப்படும். பவுலின் இப்பகுதிக்கு நேர்ந்த முதல் தீங்கு இதுவே. அவர் எழுதிய காலத்தில் அந்நிருபத்தில் அதிகார எண்கள் இல்லை. இன்று வழங்கும் அதிகாரப் பிரிப்பு கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் உருவானது; இங்கிலாந்தின் ஸ்டீபன் லாங்டன் என்பவரோடு அது இணைத்துக் கூறப்படுகிறது. பிரிவுக்கோட்டை நீக்கி வாசிப்போமாயின், அரசைப் பற்றிய ஏழு வசனங்களுக்கு முன்னால் பழிவாங்காமையும், தீமையை நன்மையால் வெல்லுதலும் போதிக்கப்படுவதைக் காணலாம். அவற்றிற்குப் பின்னால், அயலானை நேசிப்பதே சட்டத்தின் நிறைவு எனக் கூறப்படுகிறது. ஆகவே நடுவிலுள்ள பகுதி அரசியல் கோட்பாடு வகுக்க எழுந்ததன்று. பழிவாங்காமல் வாழ விரும்பும் ஒரு சிறுபான்மைக் கூட்டம் அரசின்முன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற வினாவிற்கான விடையாகவே அது அமைகிறது.

அவ்வேழு வசனங்களுக்குள்ளும் ஆள்வோனுக்கு ஓர் இலக்கணம் கூறப்பட்டுள்ளது. அவன் இறைவனின் பணியாளன். நன்மை செய்வோர்க்கு அவன் அச்சமாக இருப்பதில்லை. தீமை செய்வோர்க்கே அச்சமாக இருக்கிறான். இவ்விலக்கணத்திலிருந்து வழுவியவன் நிலை என்ன என்பதை மட்டும் பவுல் அங்கே கூறவில்லை. திருவள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பவுலின் நிருபத்தில் அந்த இரண்டாம் அதிகாரம் இல்லை. இக்குறை பிற்காலத்தில் பெருந்தீமைக்கு வழி திறந்தது. எனினும், எழுத்தில் இல்லாத விடை அவருடைய வாழ்க்கையில் உண்டு. பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள் மறுநாள் அவரை ஓசையின்றி விடுவிக்க முயன்றபோது, அவர் வெளியேற மறுத்தார். ரோமக் குடிமக்களைத் தீர்ப்பின்றி அடித்தவர்கள் தாமே நேரில் வந்து அழைத்துச் செல்லட்டும் என்றார். அதிகாரிகள் வந்து வேண்டிக்கொண்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. ஆட்சியை அதன் சொந்தச் சட்டத்தின்முன் நிறுத்துவது ஆட்சிக்கு அவமதிப்பாகாது என்பதற்கு இது சான்று.

ஒரு சொல் செய்த வேலை

தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபையார் வழங்கும் வேதாகமத்தில் ரோமர் 13-இன் முதல் வசனம் ‘கீழ்ப்படிதல்’ என்னும் சொல்லை ஆள்கிறது. மனிதரைவிட இறைவனுக்கே கட்டுப்பட வேண்டும் என்று சீடர்கள் ஆலோசனைச் சங்கத்தாரிடம் கூறிய இடத்திலும் (அப்போஸ்தலர் நடபடிகள் 5:29) அதே ‘கீழ்ப்படிதல்’ தான் வருகிறது. மூலமாகிய கிரேக்கத்திலோ இவை வெவ்வேறு வினைகள். முன்னது ஓர் ஒழுங்கினுள் தன் இடத்தை ஏற்று அமைவதைக் குறிப்பது. பின்னது ஆணையை ஏற்றுச் செயற்படுவதைக் குறிப்பது.

இவ்வேறுபாடு அரபு மொழிபெயர்ப்பில் காக்கப்பட்டிருப்பதை அரபு பயின்றோர் எளிதில் காணலாம். 1865-இல் பெய்ரூத்தில் நிறைவுற்ற வேன்டைக் மொழிபெயர்ப்பு, ஆட்சியாளர் பற்றிய இடத்தில் பணிந்தமைதலைக் குறிக்கும் ‘குளூஉ’ என்ற சொல்லையும், இறைவனைப் பற்றிய இடத்தில் ‘இதாஅத்’ என்ற சொல்லையும் ஆள்கிறது. ஆட்சிக்குரியது ஒன்று, ஆண்டவனுக்குரியது வேறொன்று என்பது அங்கே சொல்லளவிலேயே விளங்கிவிடுகிறது. தமிழில் இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டமையால், ரோமர் 13-ஐ மட்டும் கேட்கும் தமிழ்க் கிறிஸ்தவர் ஆட்சிக்கும் இறைவனுக்கும் ஒரே வகைக் கடமை உண்டெனக் கருத இடமுண்டாயிற்று.

புதிய ஏற்பாட்டை முதன்முதலாகத் தமிழில் அச்சேற்றியவர் சீகன்பால்கு. 1715-இல் தரங்கம்பாடியில் அவ்வச்சுப்பணி முற்றுப்பெற்றது. அவர் அம்மொழிபெயர்ப்பைத் தொடங்கிய 1708-ஆம் ஆண்டிலேயே, ஓர் ஏழை விதவையின் வழக்கில் தலையிட்டதை ஒட்டி, தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநர் அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்கள் அவர் சிறையிலிருந்தார். டென்மார்க் மன்னரின் ஆணையோடு வந்தவரை அம்மன்னரின் அதிகாரியே சிறைவைத்தார். ஆட்சிக்கு அடங்குதல் பற்றிய வசனங்களைத் தமிழர்க்குத் தந்தவர், ஆட்சியோடு முரண்பட்ட அனுபவத்தோடுதான் அவற்றைத் தந்தார்.

கொங்கு வழிச் சென்ற தூதர்

கொங்கு நாடு ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்த காலம் அது. 1779-இல் சென்னையிலிருந்த ஆங்கில அரசு, ஹைதரின் நோக்கத்தை அறியவும் சமாதானச் செய்தி சொல்லவும் ஜெர்மானியப் போதகர் ஷ்வார்ட்ஸ் என்பவரைச் சீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பியது. எல்லைக் கோட்டையாகிய கரூரில் காத்திருந்து, கஜலட்டிக் கணவாய் வழியே மலையேறி அவர் மைசூர்ச் சீமைக்குச் சென்றார். ஹைதர் அவரை மதிப்புடன் வரவேற்றார். அங்கிருந்த ஐரோப்பியப் படைவீரர்களுக்குப் போதனை செய்யவும் தடை விதிக்கவில்லை. வழிச்செலவுக்கென ஹைதர் அளித்த பணத்தை ஷ்வார்ட்ஸ் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. மறு ஆண்டு போர் மூண்டபோதும், அப்போதகருக்கு இடையூறு செய்யலாகாது என ஹைதர் தம் படையினருக்கு ஆணையிட்டார்.

முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரின் பெருந்தன்மைக்குச் சான்றாக இதை எடுத்துக்காட்டுவது நம்மவரிடையே வழக்கம். அது பொருத்தமே. ஆயினும் முழுமையான வாசிப்புக்கு இரு செய்திகளைச் சேர்க்க வேண்டும். ஹைதரின் அரண்மனையில் சவுக்கேந்தியோர் எப்போதும் நின்றதையும், பெரியோர் சிறியோர் என்ற வேறுபாடின்றி அடி விழுந்ததையும் அதே ஷ்வார்ட்ஸ் பதிவு செய்தார். மறுபுறம், அவரைச் சமாதானத் தூதராக அனுப்பிய ஆங்கிலேயர், அதே 1779-இன் தொடக்கத்தில், ஹைதரின் பாதுகாப்பிலிருந்த மாஹியைக் கைப்பற்றியிருந்தனர். தூதர் நேர்மையாளர், அனுப்பியவர்களின் நோக்கமோ அத்தகையதன்று. அரசின் வேண்டுகோளை நன்மை என நம்பி ஏற்ற ஒரு நல்லவர், தாம் அறியாத கொள்கைக்கு முகமூடியாகக்கூடும் என்பதே இங்கு நாம் பெறும் பாடம். ஆட்சிக்கு உதவும் போதகர், ஆட்சி தன் மூலம் எதைச் சாதிக்க விரும்புகிறது என்பதையும் கேட்க வேண்டியவராகிறார்.

கையொப்பமிட மறுத்த மனசாட்சி

ரோமர் 13 ஓர் அரசாங்கத் தாளாகவே மாறிய காலமும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின், பிரிட்டிஷார் அல்லாத மிஷன்கள் இந்தியாவில் பணிபுரிய வேண்டுமாயின், சட்டப்படி அமைந்த அரசுக்கு உரிய கீழ்ப்படிதலும் மரியாதையும் காட்டுவதாகவும் அரசியலில் ஈடுபடாதிருப்பதாகவும் உறுதி அளிக்க வேண்டியிருந்தது. வேதம் இறைவனை முன்னிட்டுக் கூறியதை, அரசு உரிமச்சீட்டின் நிபந்தனையாக்கிக் கொண்டது.

அந்நிபந்தனையின் கடுமையை மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரி ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் அனுபவித்தார். காந்தியடிகளின் கடிதத்தை வைஸ்ராயிடம் எடுத்துச் சென்ற ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்ட் ரேனால்ட்ஸைத் தம் இல்லத்தில் தங்கவைத்தது அவர் செய்த குற்றம். 1930-இல் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மீண்டும் வந்தார், 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் திரும்பிவந்து, காந்திகிராமப் பணியில் துணைநின்று, இம்மண்ணிலேயே மறைந்தார். இரு முறையும் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. ஆணைப்படி வெளியேறினார், ஆயினும் தம் மனசாட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா இவ்விவாதத்தைச் சபைக்குள்ளேயே எழுப்பியவர். அறப்போராட்டம் கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது எனக் கருதிய ஆங்கிலிக்கன் சபைத் தலைவர் ஃபாஸ் வெஸ்ட்கொட்டுடன் அவர் 1930-இல் கடிதம் வழி வாதிட்டார். ‘யங் இந்தியா’ இதழ்ப் பொறுப்பேற்று 1931-இல் சிறை சென்றார். 1942 இயக்கத்தை ஒட்டி மீண்டும் சிறையில் இருந்தபோது ஈஸா (அலை) அவர்களின் போதனையையும் நடைமுறையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆயர் அரசின் பக்கம் நின்று பேச, சபையின் சாதாரண உறுப்பினர் ஒருவர் வேதத்தின் பக்கம் நின்று மறுத்துரைத்த நிகழ்ச்சி இது. சட்டத்தை மீறியதற்கான தண்டனையை அவர் தட்டிக்கழிக்கவில்லை; வெளிப்படையாக மீறி, வெளிப்படையாகச் சிறைபுகுந்தார். அரசைப் புகழ்ந்து கொண்டே வரி ஏய்ப்பவனைவிட, இவ்வாறு சிறைபுகுபவனே சட்டத்தை உண்மையில் மதிப்பவன் என்போம்.

நம் வசனமும் போத்தனூர் நிலையமும்

இனி நம்மை நோக்குவோம். அந்நிஸாவின் 59-ஆம் வசனத்திற்கு முந்தியது, அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கவும், மக்களிடையே தீர்ப்பளித்தால் நீதியுடன் தீர்ப்பளிக்கவும் கட்டளையிடுகிறது. ஆள்வோரின் கடமை முதலில் கூறப்பட்டு, ஆளப்படுவோரின் கடமை பின்னர் வருகிறது. 59-ஆம் வசனத்திலும் ‘கட்டுப்படுங்கள்’ என்னும் ஏவல் அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் தனித்தனியே வந்து, பொறுப்பாளர்களுக்கு மீண்டும் வராமல் நிற்பதை விரிவுரையாளர்கள் சுட்டியுள்ளனர். அவர்களுக்குரிய கட்டுப்பாடு சார்பு நிலையினது, தனித்து நிற்பதன்று. பிணக்கு எழுந்தால் எங்கே திரும்ப வேண்டும் என்பதும் அவ்வசனத்திலேயே உண்டு. பவுலின் பகுதியில் வெளியே தேட வேண்டியிருந்த நிபந்தனை, இங்கே உள்ளேயே அமைந்துள்ளது.

இவ்வசனம் இறங்கிய பின்னணியாக இப்னு அப்பாஸ் (ரலி) ஒரு படைத்தலைவரோடு தொடர்பான செய்தியைக் குறிப்பிட்டார். கோபமுற்ற படைத்தலைவர் ஒருவர் நெருப்பு மூட்டி, அதற்குள் புகுமாறு தம் படையினரை ஏவிய நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் உள்ளது. அவர்கள் தயங்கி நின்றனர். அதற்குள் புகுந்திருந்தால் அவர்கள் அதிலிருந்து மீண்டிருக்கவே மாட்டார்கள் என்றும், கட்டுப்படுதல் நன்மையானவற்றில் மட்டுமே என்றும் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

இந்நபிமொழியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நம் கோவையின் போத்தனூர் நிலையம் நம் நினைவுக்கு வருகிறது. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் 100 கைதிகள் திரூரில் காற்றோட்டமற்ற ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்டனர். போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோது பலர் மூச்சுத்திணறி மாண்டு கிடந்தனர். மொத்தத்தில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். அப்பெட்டியை மூடியவர்களும், வழியில் எழுந்த கூக்குரலைக் கேட்டும் திறவாதவர்களும் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்களே. கீழ்ப்படிதலை நாம் எப்போதும் குடிமகனிடமே எதிர்பார்க்கிறோம்; கதவை மூடும் காவலனிடம் அதன் எல்லையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நெருப்பைப் பற்றிய நபிமொழி முதலில் பேசுவது அக்காவலனிடம்தான்.

உள்ளேயே நிபந்தனை கொண்ட வேதத்தைப் பெற்றிருந்தும், குழப்பம் எனும் ஃபித்னாவுக்கு அஞ்சிய நம் ஃபுகஹாக்களில் பலர் கொடுங்கோலரையும் பொறுத்துக்கொள்ளப் பணித்தனர் என்பதை மறைப்பது நேர்மையன்று. எனினும் இமாம்களின் வாழ்வு ஒரு நடுவழியைக் காட்டியது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கலீஃபா மன்சூர் அளித்த நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) கலீஃபா திணித்த கொள்கையை ஏற்காமல் சவுக்கடி பட்டார். ஆனால் வாஸிக் காலத்தில் சிலர் கிளர்ச்சிக்கு அழைத்தபோது, அதற்கும் அவர் இசையவில்லை. பொய்யை ஒப்பவுமில்லை, குருதி சிந்தவுமில்லை.

மதிப்பும் கட்டுப்பாடும்

மதித்தலும் கட்டுப்படுதலும் ஒன்றல்ல என்னும் இக்கருத்தை நம் நாட்டு உச்ச நீதிமன்றமே ஒரு கிறிஸ்தவ வழக்கில் ஏற்றது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குழுவைச் சார்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். தம் நம்பிக்கை காரணமாக வாய்திறந்து பாடவில்லை. 1985-இல் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, எழுந்து நின்றமையே மதிப்பாகும் என்றும், பாடாமை அவமதிப்பாகாது என்றும் கண்டு, அவர்களை மீண்டும் சேர்க்கப் பணித்தது. ‘பிஜோ இம்மானுவேல்’ வழக்கு என அறியப்படும் இத்தீர்ப்பை நம் மதரஸா மாணவர்கள் அனைவரும் அறிந்திருத்தல் நன்று. எழுந்து நிற்கும் உடலும் இசையாத நாவும் ஒரே மனிதரிடம் இருக்கலாம். அவர் நல்ல குடிமகனாகவும் இருக்கலாம்.

இவ்வளவுகோலைக் கோவையின் துயர ஆண்டுகள் மீது வைத்துப் பார்ப்போம். 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் முஸ்லிம் இளைஞர்களால் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் காவலர்களின் துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14-இல் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைப் பறித்தன. அக்குண்டுகளை எந்த வசனமும் எந்த நபிமொழியும் நியாயப்படுத்தா. அங்காடிக்கு வந்த அப்பாவியின் குருதிக்கு ‘முன்பு எங்களைக் கொன்றார்கள்’ என்பது விடையாகாது. அதே உறுதியோடு, காவல் கடமையுடையோர் ஒரு சமுதாயத்தின்மீது பாய்ந்தபோது இறைவனின் பணியாளர் எனும் இலக்கணத்தை இழந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது நீதியன்று. அவ்வழக்கில் 1998-இல் கைதான அப்துல் நாசர் மஅதனி, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 2007-இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். பிலிப்பியில் பவுல் கேட்ட நேர்மையான கணக்கை, அவ்வொன்பது ஆண்டுகளுக்காக யாரும் கேட்டுப் பெறவில்லை.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த யேசுசபைத் துறவி ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டபோது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயால் குவளையை ஏந்த இயலாத அவர், உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 2021 ஜூலை 5-இல் விசாரணைக் கைதியாகவே இறந்தார். ரோமர் 13-ஐத் தம் வாழ்நாளெல்லாம் வாசித்த ஒருவரே அவரும். சட்டத்தின் துணைகொண்டு, சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்களுக்காக வழக்காடியதே அவருடைய பணி. அதிகாரத்தை மதித்ததாலேயே அதன் கடமையை அதற்கு நினைவூட்டியவர் அவர்.

ஆகவே பவுலின் அந்த ஏழு வசனங்களைக் குறித்து நம் தீர்ப்பு இது. அவை தவறானவை அல்ல. தனித்து நிற்கும்போது முழுமையற்றவை. அவற்றின் முன்னும் பின்னும் உள்ளவற்றோடும், எழுதியவரின் பிலிப்பிச் சிறையோடும், சீடர்களின் மறுப்போடும் சேர்த்து வாசிக்கும்போது அவை அடிமைத்தனத்தைப் போதிப்பதில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களில் சிலர் அவ்வாறு வாசித்து, அதற்குரிய விலையையும் கொடுத்தனர். நம்மிடம் உள்ளதோ இன்னும் தெளிவான வசனம். அதை வைத்துக்கொண்டு நாம் அடங்கியிருத்தலை ஈமான் என்றோ, வன்முறையை ஜிஹாத் என்றோ பெயரிட்டழைப்பது அவ்வசனத்திற்கு இழைக்கும் அநீதியாகும். வரியைச் செலுத்துவோம், சாலை விதி முதல் நீதிமன்ற ஆணை வரை மதிப்போம், அநீதிக்குத் துணைபோகுமாறு ஏவப்பட்டால் வெளிப்படையாக மறுப்போம், மறுப்பின் விளைவை ஏற்போம், ஆட்சியை அதன் சொந்தச் சட்டத்தின்முன் நிறுத்தும் உரிமையை ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்குமாறு ஆள்வோரை ஏவிய இறைவனே, அதை நினைவூட்டும் பொறுப்பை ஆளப்படுவோரிடம் அமானிதமாக வைத்திருக்கிறான்.